35 லட்சத்தில் வாடகை வீடு: லைன் வீடா, ஃபிளாட்டா, மனை வாங்கிக் கட்டுவதா?

நெய்வேலியில் பணி ஓய்வு பெற்றவர்களும், சிங்கப்பூரில் வெல்டர் வேலை பார்த்துச் சேர்த்தவர்களும், கணவர் போனபிறகு கைக்கு வந்த பணத்தை வைத்துக்கொண்டு தவிக்கும் அக்காமார்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "முப்பது, முப்பத்தஞ்சு லட்சம் இருக்கு. டவுனுக்குள்ள ஒண்ணும் கட்டுப்படியாகாது. வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம், இல்லன்னா கடலூர் முதுநகர் பக்கம் வாடகைக்கு விடற மாதிரி ஏதாவது வாங்கிப் போட்டா மாசாமாசம் வருமா?"

வரும். எவ்வளவு வரும், எத்தனை மாதம் வரும், அதை வாங்க யார் போய் நிற்பது என்பதில்தான் வழிக்கு வழி வித்தியாசம். இந்தத் தொகையில் புதுவை, கடலூர் புறநகரில் கிடைப்பவை மூன்று. பழைய லைன் வீட்டை அப்படியே வாங்கலாம்: ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்தாறு ஒற்றை அறை போர்ஷன்கள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. அல்லது ஒரு படுக்கையறை ஃபிளாட். அல்லது புது நகர் ஒன்றில் சின்ன மனை வாங்கி, கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு போர்ஷன் கட்டுவது. மூன்றையும் நாலாவது ஒரு வழியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது அஞ்சலகம்.

## எதை வைத்து அளப்பது

முதலில், கையில் நிற்கும் வாடகை. புரோக்கர் சொல்வது "ஆறு போர்ஷன், மூவாயிரத்து ஐந்நூறு, மாசம் இருபத்தோராயிரம்." அது பன்னிரண்டு மாதமும் ஆறு வீடும் நிரம்பி, ஆறு பேரும் பாக்கியில்லாமல் கொடுத்தால் வரும் தொகை. நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிமாற மாட்டார்கள், புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். ஆனி கடைசியில் ஒரு வீடு காலியானால் ஆவணி வரை பூட்டியே கிடக்கும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். காலி மாதம், வராத பாக்கி, வெள்ளையடிப்பு, மோட்டார், வரி எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் போட்ட பணத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, குடியிருப்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது. வாங்குபவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை. முதலியார்பேட்டையைச் சுற்றிய தெருக்களில் ஒரு காலத்தில் ஏ.எஃப்.டி. துணி ஆலைச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. 2011 தானே புயலில் அடிபட்ட அந்த ஆலை 2020-ல் ஒரேயடியாக மூடப்பட்டது. ஒரே கம்பெனியை நம்பிய தெருவில் வீடு வாங்கினால் அந்தக் கம்பெனியின் தலையெழுத்துதான் உங்கள் வாடகைக்கும். கோரிமேடு, கதிர்காமம் பக்கம் ஜிப்மரும் மற்ற மருத்துவமனைகளும் இருப்பதால் நர்ஸ்கள், லேப் ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று கலந்து வருவார்கள். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளைச் சுற்றிப் பல சிறு கம்பெனிகள் இருப்பதால் ஒன்று மூடினாலும் இன்னொன்று இருக்கும்.

வரப்போகிறது என்று சொல்லப்படும் திட்டத்தை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். கடலூருக்குத் தெற்கே எழுந்துகொண்டிருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் வேலை 2011 டிசம்பரில் தானே புயலோடு நின்றது, பிறகு கம்பெனியே திவாலாகி ஏலத்துக்குப் போனது. ஆலை வரும் என்று நம்பி மனை வாங்கியவர்களுக்கு அந்தப் பணம் வருடக்கணக்கில் முடங்கிப்போனது.

மூன்றாவது, தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர், பாகூர் பக்கத்துத் தாழ்வான ஊர்கள் மூழ்கின. ஏழைகள் குடியிருக்கும் பகுதி பெரும்பாலும் தாழ்வான பகுதியாகத்தான் இருக்கும். மனை மலிவாக இருப்பதற்கு அதுவே பாதிக் காரணம். வீட்டுக்காரரிடம் கேட்டால் "வாசலோட நின்னுடுச்சு" என்பார். பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். அறைக்கு அறை பிளக்குகள் நெஞ்சு உயரத்தில் இருக்க, பழைய பெட்டியின் ஓட்டை கீழே சிமென்ட் வைத்து அடைக்கப்பட்டிருந்தால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அப்படித்தான். குடிதண்ணீரும் முக்கியம். கரையோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். கடலூர் சிப்காட் பகுதியை மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் வைத்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நகராட்சிக் குழாய் வருகிறதா, தினமும் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை அங்கே குடமெடுக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

மற்றவை மூன்று: பத்திரம் சுத்தமாக இருக்கிறதா, உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், விற்க நினைத்தால் எத்தனை மாதம் ஆகும்.

## லைன் வீடு

போட்ட பணத்துக்கு அதிக வாடகை தருவது இதுதான், அதிக வேலை வைப்பதும் இதுதான். ஆறு போர்ஷன் என்றால் ஆறு குடும்பம், ஆறு வருமானம். ஒன்று காலியானாலும் ஐந்து ஓடும். ஃபிளாட்டில் ஒரே குடும்பம் கிளம்பினால் வாடகை முழுக்க நின்றுவிடும். அந்தப் பாதுகாப்பு லைன் வீட்டுக்கு உண்டு.

ஆனால் இங்கே குடியிருப்பவர்களில் பலர் நாள்கூலி, வாரக்கூலி. கொத்தனாருக்குச் சனிக்கிழமை கூலி வருகிறது. ஐந்தாம் தேதி வாடகை கேட்டால் அவர் கையில் இருக்காது, பத்தாம் தேதி கேட்டால் செலவாகியிருக்கும். சனிக்கிழமை மாலை பாதி, அடுத்த சனிக்கிழமை பாதி என்று வாங்கும் வீட்டுக்காரர்களுக்குப் பாக்கி குறைவு. முதுநகர் பக்கம் படகுக்குப் போகிறவர்கள் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுத் தொழிலாளிக்கு அப்போது வேலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கட்டட வேலை நிற்கும். இந்த மாதங்களில் வாடகை தள்ளிப்போகும் என்று தெரிந்தே வாங்குங்கள். அந்த இரண்டு மாதத்துக்காக நல்ல குடும்பத்தைக் காலி செய்யச் சொல்வது மனுஷத்தன்மையும் அல்ல, கணக்குக்கும் உதவாது. மாதம் 300 ரூபாய் கூட்டிக் கேட்டு ஒரு குடும்பம் போய்விட்டால், வருடத்துக்குக் கிடைத்திருக்கும் கூடுதல் 3,600. ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே 3,500 போச்சு, வெள்ளையடிப்பு வேறு. பத்து வருடமாக ஒரே வீட்டில் இருந்து, பாக்கியைத் தானாகவே தீபாவளிக்குள் கட்டிவிடும் குடும்பம் உங்கள் முதலீட்டிலேயே பெரிய சொத்து.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம்.

மீட்டர் போர்டைத் திறந்து பாருங்கள். ஆறு போர்ஷனுக்கும் ஒரே சர்வீஸ் இருந்து, உள்ளே சப்-மீட்டர்கள் வரிசையாக மாட்டி, பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் ரீடிங் எழுதியிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே சர்வீஸில் ஆறு குடும்பம் தொங்கினால் அந்தச் சலுகை ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான், மேல் அடுக்குக் கட்டணமும் வந்து விழும். மின்துறை அனுமதிக்கும் இடத்தில் போர்ஷனுக்குத் தனி மீட்டர் வாங்கிக் கொடுத்தால் குடியிருப்பவருக்கு மாதச் செலவு குறையும், உங்களுக்கு யூனிட் சண்டை இருக்காது. அந்தச் செலவை வாங்கும் விலையில் கழித்துப் பேசுங்கள். புதுவையில் மின்துறை மாதாமாதம் பில் போடும், கட்டண அடுக்கும் வேறு.

அடுத்தது செப்டிக் டேங்க். ஆறு குடும்பத்துக்கு ஒரு டேங்க் என்றால் சீக்கிரம் நிரம்பும். லாரி சந்துக்குள் வர முடியுமா, தெருமுனையில் நின்றால் குழாய் எட்டுமா என்று நடந்து பாருங்கள். லாரி வராது என்றால் அந்த வீடு வேண்டாம். ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, விஷவாயுவில் உயிர் போகிறது. எந்த வாடகைக்கும் அது ஈடில்லை.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அக்னி நட்சத்திரத்தில் உள்ளே உட்கார முடியாது. குழந்தை இருக்கும் குடும்பம் சித்திரையில் வேறு வீடு பார்க்கத் தொடங்கிவிடும். கான்கிரீட் தளமாக இருந்தால் உப்புக் காற்றில் கம்பி துருவேறிக் காரை பெயரும். விட்டத்தின் அடிப்பக்கம் பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழி போக்கியம். ஒத்தி என்றும் சொல்வார்கள். குடியிருப்பவர் இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் இருப்பார். கிளம்பும்போது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் இது முத்திரைத்தாளில் எழுதியதோடு சரி, பதிவே செய்திருக்க மாட்டார்கள். பதிவு செய்யாதது வில்லங்கச் சான்றில் வராது. "எல்லாரும் வாடகைக்குத்தான் இருக்காங்க" என்று விற்பவர் சொல்லியிருப்பார். நீங்கள் பத்திரம் பதிந்தபிறகு இரண்டு குடும்பம் கையில் தாளை வைத்துக்கொண்டு, "எங்க பணத்தைக் கொடுத்துட்டுக் காலி பண்ணச் சொல்லுங்க சார்" என்று நிற்கும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, பணம் வாங்கியவர் ஊரிலேயே இருக்க மாட்டார். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு கதவையும் தட்டி, மாத வாடகை எவ்வளவு, கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, எந்த வருடம் வந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை விற்பனை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, குடியிருப்பவர்களின் மொத்த அட்வான்ஸையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

லைன் வீடு பொருந்துவது: சைக்கிளிலோ வண்டியிலோ பதினைந்து நிமிடத்தில் போய்வரும் தூரத்தில் இருப்பவருக்கு, ஆட்களோடு பேசிப் பழகத் தெரிந்தவருக்கு, மோட்டார் காயில் எரிந்தால் மெக்கானிக்கை இரவிலேயே கூப்பிடத் தெரிந்தவருக்கு. வெளிநாட்டில் இருந்துகொண்டு உறவுக்காரரை நம்பி வாங்குவதென்றால் வேண்டாம். வாடகையும் போகும், உறவும் போகும்.

## ஃபிளாட்

ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டை தாண்டிய பகுதிகளிலும், கடலூரில் செம்மண்டலம், கோண்டூர் பக்கமும் சின்ன ஃபிளாட்டுகள் இந்த விலைக்குள் கிடைக்கும், பெரும்பாலும் பழையவை. வாடகை வருமானம் மூன்றிலும் குறைவு. தலைவலியும் குறைவுதான். தண்ணீர், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். வங்கி வேலை, மருத்துவமனை, தனியார் பள்ளி என்று மாதச் சம்பளக்காரர்கள் வருவார்கள், வாடகை அக்கவுண்டில் விழும்.

பார்க்க வேண்டியது யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு. கட்டடத்துக்கு வயதாக வயதாக மதிப்பு இறங்கும், நிலத்துக்குத்தான் ஏறும். 600 சதுர அடி ஃபிளாட்டுக்கு 200 சதுர அடி நிலம்தான் பங்கு என்றால், நீங்கள் பெரும்பாலும் வாங்குவது தேய்கிற பொருளை. ஒப்புதல் வரைபடத்தில் இத்தனை மாடி என்று இருக்கிறதா, மேல்மாடி அனுமதியில்லாமல் ஏற்றியதா என்பதையும் பாருங்கள். கடலோரத்தில் 20 வருடம் தாண்டிய அடுக்குமாடியில் தூண்களைப் பழுது பார்க்கச் சங்கம் ஒரே தவணையில் பெரிய தொகை கேட்கும். கூட்டக் குறிப்பேட்டை வாங்கிப் படித்தால் அந்தப் பேச்சு ஏற்கெனவே ஓடுகிறதா என்று தெரியும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. வீட்டுக்காரர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், வாடகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மீதியைத் தர வேண்டும். பத்தாயிரம் வாடகைக்கு வரும் குடும்பத்துக்கு இது தெரியாது. ஆடிட்டரிடம் முதலிலேயே பேசி வழி செய்துகொள்ளுங்கள்.

## மனை வாங்கிக் கட்டுவது

விருப்பப்படி கட்டலாம், தனி மீட்டர், தனிக் கழிப்பறை, காற்றோட்டம் எல்லாம் அமையும், நிலம் முழுக்க உங்களுடையது. பத்து, பதினைந்து வருடம் காத்திருக்க முடிந்தவருக்கு மூன்றில் இதுதான் நல்லது என்பது என் கருத்து. அவசரமாக மாத வருமானம் தேவைப்படுபவருக்கு இதுவே மோசமானது. மனை பதிவு, அனுமதி, கட்டுமானம் என்று ஒரு வருடத்துக்கு மேல் ஒரு ரூபாய் வராது.

மறைந்திருக்கும் முதல் செலவு மண். வில்லியனூர், பாகூர் பக்கத்துப் புது நகர்கள் பல நேற்றுவரை வயலாக இருந்தவை. தெருவை உயர்த்தித் தார் போட்டிருப்பார்கள், மனை இரண்டடி கீழே கிடக்கும். லோடு லோடாக மண் அடித்து, அஸ்திவாரத்தைக் கூடுதலாக எழுப்பியபிறகுதான் சதுர அடிக் கணக்கே தொடங்கும். மேஸ்திரி சொல்லும் விலையில் இது இருக்காது. போர், சம்ப், காம்பவுண்டுச் சுவர், கட்டுமான காலத் தற்காலிக மின் இணைப்பு இவையும் இருக்காது. சொன்ன தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் கட்ட ஆரம்பிக்க வேண்டாம். பாதியில் நிற்கும் கட்டடத்துக்கு வாடகையும் இல்லை, நல்ல விலையும் இல்லை.

அடுத்தது அங்கீகாரம். தமிழ்நாட்டில் அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானவற்றுக்கு உரியது. "அப்ரூவல் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் கட்ட அனுமதி சிக்கல், வங்கிக் கடன் சிக்கல், விற்கும்போது இன்னும் சிக்கல்.

புதுவைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று எல்லை. கோரிமேட்டைத் தாண்டினால் பட்டானூர், முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். இரண்டும் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். குடியிருப்பவருக்கு ஜிப்மர் ஒரே தூரம்தான், உங்களுக்குச் சட்டமே மாறுகிறது. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அங்கே 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். அந்தச் சட்டம் புதுவை எல்லைக்குள் செல்லாது, இங்கே 1969-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பட்டாவைப் பார்க்க அங்கே தமிழ்நாட்டின் இணையதளம், இங்கே நிலமகள். விளம்பரத்தில் "பாண்டிச்சேரி மனை" என்று போட்டு தமிழ்நாட்டின் வானூர் தாலுக்கா நிலத்தைக் காட்டுவது சாதாரணம்.

## மலிவாகக் கிடைப்பதன் காரணம்

ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில், பக்கத்துத் தெருவைவிடப் பாதி விலைக்கு ஒன்று வந்தால் முதலில் நிலத்தின் வகையைப் பாருங்கள். புதுவையில் எல்.ஜி.ஆர். பட்டா என்று சொல்லப்படுவது அரசு ஏழைகளுக்குக் கொடுத்த மனை. விற்கக் கட்டுப்பாடு உண்டு. தமிழ்நாட்டில் இலவச மனைப்பட்டாவுக்கும் நிபந்தனை உண்டு. பஞ்சமி நிலமாக இருந்தால் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கவே முடியாது, வாங்கக் கூடாது. அந்த மக்களுக்காக ஒதுக்கிய நிலம் அது. குடிசை மாற்று வாரிய ஒதுக்கீட்டு வீட்டை "எழுதித் தர்றோம், பிறகு மாத்திக்கலாம்" என்று விற்பார்கள். அதில் உங்களுக்கு வருவது கையெழுத்துப் போட்ட ஒரு தாள் மட்டும். கோயில் நிலமும் நீர்நிலைப் புறம்போக்கும் இதே வரிசை.

புதுவையில் இன்னொரு வகை உண்டு. உரிமையாளர் பிரான்சில் இருப்பார், இங்கே அவருடைய பவர் (அவருக்காக விற்கும் அதிகாரம் தரும் பத்திரம்) வைத்திருப்பவர் விற்பார். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது. ஆகவே அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்றும், வீடியோ காலில் அவரோடு நேரடிப் பேச்சும் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று மூன்றையும் உங்கள் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவரின் வக்கீல் பார்த்துச் சொன்னது போதாது. பணத்தைக் காசோலையிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். அசையாச் சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

## கணக்கில் வைத்துப் பார்த்தால்

கீழே உள்ள வாடகையும் செலவும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தெருவின் வாடகையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பதிவுச் செலவு, அனுமதி எல்லாம் சேர்த்தே 35 லட்சம்.

| | லைன் வீடு, 6 போர்ஷன் | ஃபிளாட் | மனை, 2 போர்ஷன் |
|---|---|---|---|
| மாத வாடகை | 21,000 | 10,500 | 13,000 |
| ஆண்டு வாடகை | 2,52,000 | 1,26,000 | 1,56,000 |
| காலி மாதம், பாக்கி | 31,500 | 10,500 | 13,000 |
| பழுது, சுத்தம், பெயின்ட் | 40,000 | 8,000 | 10,000 |
| வரி, பொது மின்சாரம், மெயின்டனன்ஸ் | 20,000 | 21,000 | 4,000 |
| கையில் நிற்பது | 1,60,500 | 86,500 | 1,29,000 |
| முதலீட்டில் சதவீதம் | 4.6 | 2.5 | 3.7 |
| முதல் வாடகை | பதிந்த மாதமே | ஓரிரு மாதத்தில் | ஓராண்டுக்குப் பிறகு |
| நேரில் போவது | வாரந்தோறும் | அபூர்வம் | கட்டும்போது தினமும், பிறகு குறைவு |
| திரும்ப விற்க | கடினம், காலி செய்து கேட்பார்கள் | சுமார் | எளிது, பத்திரம் சரியென்றால் |

இப்போது அஞ்சலகத்தை வையுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் அறிவித்த வட்டி 8.2 சதவீதம், உச்சவரம்பு 30 லட்சம். 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். மாதாந்திர வருமானத் திட்டத்தில் அப்போது 7.4 சதவீதம், கணவன் மனைவி கூட்டாக 15 லட்சம் வரை. அங்கே செப்டிக் டேங்க் இல்லை, ஆடி மாதம் இல்லை.

மாத வருமானம் மட்டும் நோக்கம் என்றால் மூன்று வீட்டையும் அஞ்சலகம் ஜெயிக்கிறது என்பதை மறைக்க நான் தயாரில்லை. வீட்டின் பக்கம் நிற்பவை இரண்டு: வாடகை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் ஏறும், நில மதிப்பு ஏறலாம். அஞ்சலகத்தில் போட்ட 30 லட்சம் ஐந்து வருடம் கழித்தும் அதே 30 லட்சம்தான். ஆகவே உங்கள் பணம் நிலத்தில் எவ்வளவு, கட்டடத்தில் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அந்தக் கணக்கில் ஃபிளாட் கடைசி. லைன் வீடு நன்றாகத் தோன்றக் காரணம் வாடகை மட்டுமல்ல, கூரை போனாலும் அடியில் நிலம் முழுசாக இருக்கிறது என்பதும்தான்.

வரியில் வாடகைக்குச் சலுகை உண்டு. கட்டிய வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் வருமானமாகக் கணக்கிடுவார்கள். கடன் வாங்கி வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். 4.6 சதவீதம் சம்பாதிக்கும் வீட்டுக்கு அதைவிட அதிக வட்டி கட்டினால், மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். புதிய வரி முறையில் இருப்பவர்கள் வீட்டு வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

## யாருக்கு எது

நெய்வேலியில் ஓய்வு பெற்று, கடலூரிலோ வடலூரிலோ குடியிருக்கும் அறுபது தாண்டியவர் முதலில் 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடட்டும். மருத்துவச் செலவுக்கு அது வேண்டும். மீதிக்கு, நடந்து போகும் தூரத்தில் அங்கீகாரம் பெற்ற சின்ன மனையோ இரண்டு போர்ஷன் உள்ள பழைய வீடோ கிடைத்தால் பார்க்கலாம். ஆறு குடும்பத்தை எழுபது வயதில் கட்டி மேய்க்க முடியாது.

சிங்கப்பூரில் இருப்பவர், திரும்பி வர இன்னும் எட்டுப் பத்து வருடம் இருந்தால் மனை. கட்டுவதை ஊருக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். வேலியும் பெயர்ப்பலகையும் போட்டு, வருடா வருடம் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் போதும். இப்போதே வாடகை வேண்டும் என்றால் ஃபிளாட், நிலப் பங்கு அதிகமாக உள்ளது.

வில்லியனூரிலேயே கடை வைத்திருப்பவர், தெருவில் எல்லாரையும் தெரிந்தவர், நாற்பது வயதுக்குள் இருப்பவர் தாராளமாக லைன் வீடு வாங்கலாம். கையில் மூன்று லட்சம் தனியாக வைத்துக்கொண்டு முதல் வருடமே கழிப்பறையையும் கூரையையும் சரிசெய்யட்டும். அந்த வருடம் வாடகை ஏற்றாமல் இருந்தால் நல்ல குடும்பங்கள் தங்கும். குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸைச் செலவழிக்காமல் தனி அக்கவுண்டில் வைக்க வேண்டும். அது அவர்கள் பணம், எந்த மாதமும் திருப்பிக் கேட்கலாம்.

தனியாக இருக்கும் அக்காமார்களுக்கு என் பதில் கொஞ்சம் கண்டிப்பானது. முதல் ஒரு வருடம் எதுவும் வாங்காதீர்கள். பணம் வந்த வாசனை தெரிந்ததும் தேடிவரும் புரோக்கர்களிடமும் உறவினர்களிடமும் "அஞ்சலகத்தில் போட்டுவிட்டேன்" என்று சொல்லி, உண்மையிலேயே போட்டுவிடுங்கள்.

வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் புரட்டாசிக்குள் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் அதே இடங்களுக்கு மறுபடி போய், தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று நின்று பாருங்கள். வில்லங்கத்தையும் தாய்ப்பத்திரத்தையும் வக்கீல் பார்த்து முடிக்க அதற்குள் நேரம் கிடைக்கும். தை பிறந்தபிறகு பத்திரம் பதியலாம்.